லுசிந்தா சொட்டு மருந்தை நிறுத்திய குளிர்காலம்

கொலராடோ மாநிலத்தில் எங்கள் பியூப்ளோ நகரத்துப் பள்ளிகளில் முப்பது வருடம் சமைத்தவள் லுசிந்தா பெர்கோ. அவள் கணவர் எமில் இரும்பாலையில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் அவரால் பத்தடி நடக்க முடியாது. அரசு உதவியால் வாடகை குறைந்த முதியோர் குடியிருப்பில் அவர்கள் என் எதிர்வீடு. நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள்.

எழுபது வயதில் லுசிந்தாவுக்கு எலும்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த வலி மாத்திரை வலியோடு அவளையும் சேர்த்து மழுங்கடித்தது. நாளெல்லாம் தூக்கம், விழித்தால் வாந்தி. கடைசியில் டாக்டரே எழுதிக்கொடுக்க, மாநில அரசின் அனுமதி அட்டை வாங்கி, லைசென்ஸ் உள்ள கடையிலிருந்து கஞ்சா எண்ணெய் கொண்டுவந்தார் எமில். நாக்கடியில் நாலு சொட்டு. ஒரே வாரத்தில் எழுந்து நின்று பச்சை மிளகாய் சுட்டாள். வாசனைக்கு மாடி முழுக்கக் கதவுகள் திறந்தன.

"என்னடி, சாகப்போறேன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"போற வழியில பசிச்சுது. திரும்பி வந்துட்டேன்."

அக்டோபரில் வருடாந்திர வீட்டுச் சோதனைக்குக் குடியிருப்பு நிர்வாகி கெய்ட்லின் வந்தாள். நல்ல பெண்தான். மேஜைமேல் இருந்த குப்பியைப் பார்த்துவிட்டாள். லுசிந்தா மறைக்காமல் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இது கொலராடோ குடுத்த அட்டைம்மா. இந்தக் கட்டடத்துக்குப் பணம் வாஷிங்டன்லேருந்து, மத்திய அரசுகிட்டேருந்து வருது. அவங்க சட்டத்துல இது இன்னும் குத்தம்தான்."

"அப்ப நான் எங்கதான் குடியிருக்கேன்?"

கெய்ட்லினுக்குக் கண் கலங்கியது. "பாத்தும் எழுதாம விட்டா என் வேலை போயிடும்மா."

முப்பது நாளில் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இருவரும் காலி செய்ய வேண்டும் என்று கடிதம் வந்தது. இலவச வக்கீலிடம் போனார்கள். மாநிலச் சட்டம் போலீஸிடமிருந்து காப்பாற்றும், வீட்டைக் காப்பாற்றாது என்று கையை விரித்துவிட்டார். வேறு வீட்டுக்கு வாடகை கட்ட வழியில்லை.

"வண்டியிலயே படுத்துக்கலாம். உனக்கு வலி இல்லாம இருந்தாப் போதும்," என்றார் எமில்.

"உன் ஆக்சிஜன் மெஷினை எங்க சொருகுவே கிழவா, ஸ்டீரிங்லயா?"

அவர் சிரிக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் கடிதத்தோடு வந்த உறுதிமொழிக் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாத்திரைக்கே திரும்பினாள்.

கிறிஸ்துமஸுக்குள் எழுந்து உட்காரவே முடியாமல் போயிற்று. ஜனவரியில் ஒரு நாள் மதியம் சூப் கொண்டுபோனேன். எமில் குனிந்து அவள் தலையணையைச் சரிசெய்தார். அவள் திடுக்கிட்டுக் கண் விழித்தாள்.

"எல்லா அலமாரியும் பாத்துக்கோங்க சார். ஒண்ணுமே இல்ல. என் புருஷனை மட்டும் வெளியே அனுப்பிடாதீங்க. அவருக்கு மூச்சு வாங்கும்."

"லூசி, நான்தான். எமில்."

"சரிங்க சார்."

ஐம்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவர். அன்றிலிருந்து அவளுக்கு அவர் 'சார்' தான்.

சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தார். "ஒரே ஒரு சொட்டு குடுத்தா என்னை அடையாளம் தெரிஞ்சுக்குவாளா?" என்று கேட்டார். கடை ஐந்து நிமிட நடை. குளிர் ஏறியதிலிருந்து அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை, என்னால் முடியும். நானும் அதே கட்டடத்தில்தான் குடியிருந்தேன். குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவினேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் லுசிந்தா போய்ச்சேர்ந்தாள். எமில் அவள் கையைப் பிடித்திருந்தார். யார் கை என்று அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

எமில் இன்னும் எதிர்வீட்டில்தான் இருக்கிறார். காலையில் பார்த்தால் தலையசைப்பார். அன்று அவர் கேட்டதை மறுபடி கேட்டதே இல்லை. மறுநாள் நான் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தக் கடை வாசல்வரை போனேன், கதவில் கைவைத்துவிட்டுத் திரும்பினேன் என்பதை நானும் அவரிடம் சொல்லவில்லை.