அவள் கை தட்டவில்லை

என் கதையைப் படமாக எடுத்தவர் என் கணவர். அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது, அதை நான் வெறுக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படத்தைப் பார்த்தவர்கள் பலர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள், அவர்களிடமெல்லாம் நான் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன்.

எனக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலுக்குக் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி போட்டுக்கொண்டு நடக்கிறேன். திருச்சியில் ஒரு தபால் நிலையத்தின் கவுண்டரில் வேலை. வீடு ஸ்ரீரங்கத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில். கணவர் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கினார். குறும்படம் எடுக்கும் நண்பர்கள் கூட்டம் ஒன்றும் சேர்ந்துகொண்டது.

அந்தக் கதை ஒரு சித்திரைத் தேர் சமயத்தில் எனக்குள் வந்தது. உறவினர்கள் எல்லோருமாக வீதியில் நடந்துகொண்டிருந்தோம். நான் உடன் வருகிறேன் என்றால் அத்தனை பேரும் நடையைக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருவர் வேண்டுமென்றே குறைத்துக்கொண்ட நடைக்கு ஒரு சத்தம் இருக்கிறது. செருப்பு தரையைத் தேய்க்கும் சத்தம். அன்று என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

கதை இதுதான். ஓர் ஊரில் எல்லோரும் சமம் என்று சட்டம் போடுகிறார்கள். யாரும் யாரையும் முந்தக் கூடாது. ஊரிலேயே மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகம்தான் இனி எல்லோருக்கும். தெருமுனைக்கு ஒரு காவலர் விசிலோடு நிற்கிறார். பிரசவ வலி எடுத்தவளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் அந்த வேகத்தில்தான் போக வேண்டும். அந்த ஊரின் மிக மெதுவான ஆள், தையல் வேலை செய்யும் ஒரு பெண். சட்டம் போட்டவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆரம்பத்தில் ஊர் அவளை மரியாதையாக நடத்துகிறது. கடைகளில் அவளுக்கு நாற்காலி போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி எண்ணெய் கொண்டுவந்து அவள் காலைத் தேய்த்துவிடுகிறாள். தேய்க்கும் விரல்களில் இருக்கும் அவசரம் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு அவள் கூரை மேல் கல் விழ ஆரம்பிக்கிறது. அவள் அதிகாரியிடம் போய், என்னை விட்டுவிடுங்கள், வேறு யாரையாவது அளவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறாள். அவளுக்கு அடுத்தபடி மெதுவானவர் எதிர்வீட்டு ஆஸ்துமாக்காரர் என்று அதிகாரி சொல்கிறார். அந்தக் கற்கள் இனி எந்தக் கூரையில் விழும் என்று அவள் யோசிக்கிறாள். கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். ஊர் அவள் பின்னால் நடக்கிறது.

அவ்வளவுதான் கதை. ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. என் கணவர் படித்துவிட்டு நல்லா இருக்கு என்றார், ஸ்கூட்டரைத் துடைக்கப் போய்விட்டார். பல வருடங்கள் கழித்து ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அதைப் படமாக எடுக்கட்டுமா என்று கேட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் அந்தக் கதையை மனதில் வைத்திருந்திருக்கிறாரே என்று நினைத்தேன். வைத்துத்தான் இருந்திருக்கிறார்.

திரைக்கதையைக் காட்டச் சொன்னேன். படத்தில் பார்த்துக்கொள் என்றார். சரி, நம்மை ஆச்சரியப்படுத்த நினைக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தையல்காரியாக நடிக்கப்போகும் பெண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தார். நாடகங்களில் நடிப்பவள். மிகவும் பணிவான பெண். காபி குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சமையலறையிலேருந்து வாசல் வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டறீங்களா?” என்று கேட்டாள்.

நடந்தேன். அவள் போனில் படம் பிடித்தாள். திரும்ப ஒருமுறை கேட்டாள், பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டுமாம். அதற்கும் நடந்தேன். இத்தனை வயதில் என் நடையை யாரும் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பார்த்தும் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களிடமே பழகிய எனக்கு அது கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. என் கணவர் சோபாவில் உட்கார்ந்து, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மிகச் சரியாகச் சொன்னார். காலிப்பரைத் தரையில் வைப்பதற்கு முன் நான் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்வேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

தில்லைநகரில் ஒரு சின்ன அரங்கத்தில் ஒரு சாயங்காலம் படத்தைத் திரையிட்டார்கள். முன்வரிசையில் எனக்கு இடம் போட்டிருந்தார்கள். விளக்கு அணைந்தது. தலைப்பு வந்தது. கதையின் தலைப்பில் நடை என்று இருந்தது படத்தில் ஓட்டம் என்று ஆகியிருந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு காட்சி, என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. விடியற்காலைத் தெரு. பால்காரர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், எல்லோரும் ஒரே வேகத்தில், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நகர்கிறார்கள். பேச்சே இல்லை. நாய் ஒன்று மட்டும் அவர்களைக் கடந்து ஓடுகிறது. அந்தக் காட்சியை நான் எழுதியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு படம் அவளுடையதாக இல்லை. கதையில் இல்லாத ஓர் இளைஞன் வந்தான். பிறவி ஓட்டக்காரன். சட்டம் வந்ததால் ஓட முடியாமல் தவிக்கிறான். கேமரா அவன் கெண்டைக்காலையே சுற்றிச்சுற்றி வருகிறது. அவன் மூச்சு வாங்குவதும் முஷ்டியை இறுக்குவதும் அண்மைக் காட்சியில். தையல்காரி எப்போது வந்தாலும் தூரத்தில், தெருவை அடைத்துக்கொண்டு, வருகிறாள், வருகிறாள், வந்துகொண்டே இருக்கிறாள். ஓர் இடத்தில் அரங்கமே சிரித்தது. எண்ணெய் தேய்க்கும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. அதிகாரி இல்லை. எதிர்வீட்டுக்காரர் இல்லை. கல் விழுகிறது, ஆனால் அதை எறிகிறவர்கள் மேல் நமக்குப் பரிதாபம் வருகிற மாதிரி இசை போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, இடது காலை இழுத்து நடந்த பெண் கொள்ளிடக் கரைக் காட்சியில் வலது காலை இழுத்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை. எடிட்டிங் செய்தவர்கூட.

கடைசியில் அவன் ஓடுகிறான். காவிரிப் பாலத்தின் மேல், டிரோன் மேலே பறக்க, விசில்கள் ஊத, ஓடுகிறான். பாலத்தின் ஓரத்தில் தையல்காரி நிற்கிறாள். கண்ணில் நீர். அவனைப் பார்த்துக் கை தட்டுகிறாள். படம் முடிகிறது.

அரங்கமும் கை தட்டியது. கதாசிரியர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கைக் கொண்டுவந்தார்கள். மேடை ஏற வேண்டாம், உட்கார்ந்தே பேசுங்கள் என்றார் ஒருவர். நான் எழுந்து நின்றேன்.

“நான் எழுதின பொண்ணு கை தட்டல. அவ யாரையும் தடுக்கவும் இல்ல. சட்டத்தை அவ போடல. இந்தப் படத்தைப் பாத்தா, சட்டத்தைத் தூக்கினா போதும்னு தோணல, அவளைத் தூக்கினா போதும்னு தோணுது. இது என் கதை இல்லீங்க.”

மைக்கைக் கொடுத்துவிட்டேன். நிகழ்ச்சி நெறியாளர் சமாளித்தார். மூலத்துக்கு விசுவாசமாக இருப்பதா, ஊடகத்துக்கு விசுவாசமாக இருப்பதா என்று ஏதோ பேசினார். யாரோ ஒருவர் பாலத்துக் காட்சிக்கு எந்த லென்ஸ் போட்டீர்கள் என்று கேட்டார். என் கணவர் பதில் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பினோம். வண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நெரிசலில் நின்றபோது, அத்தனை பேர் முன்னால் நான் அவரை அசிங்கப்படுத்திவிட்டதாகச் சொன்னார். வீட்டில் சொல்லியிருக்கலாமே என்றார். வீட்டில் காட்டியிருந்தால் வீட்டிலேயே சொல்லியிருப்பேன் என்றேன். அந்த இளைஞன் யார் என்று கேட்டேன். கற்பனைப் பாத்திரம் என்றார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் சொன்னார். “கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வேகத்துலதான் நடக்கறேன். ஒரு நாள் முந்திப் போனதில்ல. ஒரு வார்த்தை சொன்னதில்ல. படத்துலயாவது ஒருத்தன் ஓடட்டும்னு நெனச்சேன். அது அவ்வளவு பெரிய குத்தமா?”

“நடக்கச் சொல்லி நான் கேட்டேனா?”

“நீ கேக்கல. அதான் கஷ்டம்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். துணைக்கு நடப்பவனின் அலுப்பு ஒரு கதைதான், எழுத வேண்டிய கதையும்கூட. ஆனால் அதை அவர் தன் பெயரில் எழுதவில்லை. மனைவியோடு நடந்து களைத்த ஒரு மனிதனைத் திரையில் காட்ட அவருக்குத் துணிச்சல் இல்லை. அதனால் அந்த அலுப்புக்கு இருபது வயது உடம்பையும் கெண்டைக்காலையும் கொடுத்து என் கதைக்குள் ஓடவிட்டார். போதாதென்று அவனுக்கு விடைகொடுக்க என்னையே பாலத்தில் நிறுத்தினார். இதை ஆட்டோவிலேயே சொன்னேன், இவ்வளவு கோர்வையாக இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் டைட்டிலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். ஒரு சிறுகதையின் தழுவல் என்று மட்டும் இருக்கிறது இப்போது. மகள் சென்னையிலிருந்து போன் செய்து, அப்பா பக்கமும் நியாயம் இருக்கிறது, அம்மா பக்கமும் நியாயம் இருக்கிறது என்றாள். தபால் நிலையத்துக்கு வா, கவுண்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கிறேன், வரிசையில் வருகிற எல்லோருக்கும், உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று ஒரே பதில் சொல்லி அனுப்பலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

படம் எங்கோ ஒரு விழாவில் பரிசு வாங்கியது. பிறகு யூடியூபில் அவருடைய சேனலில் போட்டார்கள். நான் பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் கீழே எழுதியிருந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். அருமை, அற்புதம், ஒளிப்பதிவு பிரமாதம். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: அந்த நொண்டிப் பொம்பளை கடைசியில திருந்திட்டா, சூப்பர்.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தார். போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, தன் கணக்கில் நுழைந்து அந்தக் கருத்தை அழித்தார்.

“ஏன் அழிக்கறீங்க?” என்றேன். “உங்க படத்தைச் சரியாப் புரிஞ்சுகிட்டவன் அவன் ஒருத்தன்தான்.”

அவர் போனை மேஜைமேல் வைத்தார். தான் எடுத்தது அது இல்லை என்றார். அப்படியானால் எது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். இந்த விஷயத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் நேர்மையான வார்த்தை அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அதற்காக நான் இளகிவிடவில்லை.

உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, கூட நடக்கும் அலுப்பு, எல்லாம் வரட்டும். அதில் நான் எவ்வளவு மோசமாக வந்தாலும் படிப்பேன், திருத்தமாட்டேன் என்றேன். இரண்டொரு முறை மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். எழுதியதாகத் தெரியவில்லை.

இப்போது அவர் காலையில் தனியாகக் கொள்ளிடக் கரைப் பக்கம் நடக்கப் போகிறார். வேகமாகத்தான் போகிறார் போலிருக்கிறது, வியர்வையில் சட்டை நனைய வருகிறார். அவர் வருவதற்குள் நான் காய்கறி வாங்கிவந்துவிடுகிறேன். வழியில் எனக்குப் பின்னால் யாரும் செருப்பைத் தேய்ப்பதில்லை. வருகிறவர்கள் என்னைத் தாண்டிக்கொண்டு போகிறார்கள்.