தண்ணீர் மேசையில் நிற்காதவள்

முதலில் நான் பார்த்தது நிறத்தைத்தான். பால் சேர்க்காத காப்பியின் நிறம். ஞாயிற்றுக்கிழமை மதியம், இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி முடித்து, கழுத்தில் போட்ட பதக்கத்தைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போயிருந்தேன். சிறுநீர் அரை டம்ளர் அளவுகூட வரவில்லை. வந்ததும் அந்த நிறத்தில்.

வெளியே என் மகள் கீர்த்தனா கதவைத் தட்டினாள். அவளுக்குப் பதினான்கு வயது. "அம்மா, எவ்ளோ நேரம்? உள்ள என்னா பண்ற?"

"ஒன்னுமில்லடி. வர்றன்" என்று சொல்லிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். இதில் நான் ஒப்புக்கொள்ளப்போகும் பொய்களில் அதுதான் முதலாவது.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வண்டிகளுக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகக் கோத்துக் கொடுக்கும் ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு வருட வேலை. கணவர் சிவராஜ் வேறொரு கம்பெனிக்குப் பேருந்து ஓட்டுகிறார். கீர்த்தனாவுக்குக் கீழே நான்காவது படிக்கும் மகன் ஒருவன். ஓட்டம் என் வாழ்க்கைக்குள் வந்தது முப்பத்தொன்பதாம் வயதில். தொழிற்சாலையில் பாதுகாப்பு வாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். இருபது வயதுப் பெண்களெல்லாம் மூச்சு வாங்கி நிற்க, நான் முதலில் வந்தேன். பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். அதில் இன்றும் சப்பாத்தி வைக்கிறோம்.

அதன்பிறகு விடவில்லை. மதிய ஷிப்ட் வரும் வாரங்களில் விடிந்ததும் தொரப்பள்ளிச் சாலையில் ஓடுவேன். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் அன்றைக்கு எங்கள் நகருக்குள்ளேயே தெருத் தெருவாகச் சுற்றுவேன். திரும்பி வந்து சமைத்து, மகனைக் கிளப்பி, ஷிப்டுக்குப் போவேன். மாவட்ட மூத்தோர் தடகளத்தில் பத்தாயிரம் மீட்டரில் இரண்டாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்கு என் பெயர் போனது. அந்தப் போட்டிக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தபோதுதான் இந்த நிறம்.

என் ஓட்டத்தில் ஒரு ரகசியம் இருந்தது. மற்றவர்கள் வேகமாக ஓடித் தாண்டுவார்கள். நான் வழியில் வைத்திருக்கும் தண்ணீர் மேசையில் தாண்டுவேன். அவர்கள் நின்று, குடித்து, தலையில் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில் நான் நிற்காமல் போய்விடுவேன். இருபத்தொரு கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம் எனக்கு. இதை ஏதோ பிறவி வரம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தொழிற்சாலை லைனில் பழகியது அது. எங்கள் லைனில் இருபத்திரண்டு பெண்கள். நடுவில் ஒருத்தி எழுந்தால் வேலை அப்படியே தேங்கும். அதனால் எழ வேண்டியவள் தன் இடத்தில் உள்ள சுவிட்சைப் போட வேண்டும். தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். மாற்றாள் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் கழிவறைக்குப் போகலாம். மாற்றாள் ஒருத்திதான், ரத்னம்மா. விளக்கு எரிந்தால் லைனே திரும்பிப் பார்க்கும். "மறுபடியுமா?" என்று ஒரு குரல் வரும். போகவே கூடாது என்று யாரும் எங்களைத் தடுத்ததில்லை. அந்தப் பார்வைக்குக் கூசி நாங்களாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம். காலையில் நிரப்பிய என் பாட்டில் அப்படியே வீட்டுக்கு வரும். அதை வாசலில் இருக்கும் ரோஜாச் செடிக்கு ஊற்றுவேன். செடி நன்றாக இருந்தது.

அந்த மாதம் முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலி. மாதவிடாய் வலி என்று பொய் சொல்லித் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் மாத்திரை வாங்கினேன். பிறகு மருந்துக் கடையில் அட்டையாகவே வாங்கி, ஓடும்போது கட்டிக்கொள்ளும் இடுப்புப் பையில் வைத்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதே என்று சிவராஜ் முன்பே சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓடுவதற்கு முன் இரண்டு, வழியில் ஒன்று. நாற்பதைத் தாண்டிய பெண்களில் முதலாவதாக வந்தேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. தண்ணீர் மேசைகள் நான்கு. நான்கிலும் நான் நிற்கவில்லை.

திங்கட்கிழமை கம்பெனிப் பேருந்தின் படி ஏறக் கால் வரவில்லை. தொடை இரண்டும் அடித்துப் போட்டது மாதிரி. லீவு சொல்லிவிட்டுப் படுத்தேன். "சூடு புடிச்சுக்கிச்சு" என்று சிவராஜிடம் சொன்னேன். நிறத்தைச் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனை என்பார், மருத்துவமனை என்றால் மாநிலப் போட்டி போயிற்று. எனக்குப் பயம் அதில்தான் இருந்தது, உடம்பைப் பற்றி இல்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சூடு என்றதும் அவர் இளநீர் வாங்கி வந்தார். அன்று மூன்று. செவ்வாய்க்கிழமை காலை இரண்டு. அதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது, சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. இரண்டாவது இளநீர் உள்ளே இறங்காமல் துப்பியபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏ மஞ்சு, மூஞ்சியெல்லாம் வீங்கியிருக்குது. கெளம்பு" என்றார். கீர்த்தனா பள்ளிக்குப் போகாமல் கூடவே வந்தாள். என் அடையாள அட்டை அந்த இடுப்புப் பைக்குள் இருந்ததால் பையோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

சிறுநீரக மருத்துவர் என்னைவிட வயதில் சிறியவர். இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "ஓடறதுக்கு முன்னாடி வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

சிவராஜ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "இல்லைங்க டாக்டர்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நான் திட்ட மாட்டேன். எனக்கு அது தெரியணும்."

"இல்லைங்க."

கீர்த்தனா பையின் ஜிப்பைத் திறந்தாள். அட்டையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். "எங்கம்மா பொய் சொல்றாங்க டாக்டர். பத்து மாத்திரை அட்டை. நாலுதான் மீதி இருக்கு." அவள் குரல் நடுங்கவே இல்லை.

மருத்துவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிவராஜிடம், "வீட்டுல என்ன குடுத்தீங்க?" என்றார்.

"இளநீதாங்க சார் குடுத்தன். சூடுன்னா. நேத்து மூணு, இன்னிக்கு ரெண்டு."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். நிதானமாகத்தான் சொன்னார். எனக்கு வந்திருப்பது ராப்டோமயோலைசிஸ் (தசைநார்கள் உடைந்து அவற்றின் சாறு இரத்தத்தில் கலப்பது). அந்தச் சாறு சிறுநீரகத்தை அடைத்துவிடும். தண்ணீர் இல்லாத உடம்பும் வலி மாத்திரையும் சேர்ந்து அதை மோசமாக்கியிருக்கின்றன. கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப வேண்டிய கழிவு) பல மடங்கு ஏறியிருக்கிறது. ஆனால் இந்த நிமிடத்தில் அவருக்குக் கவலை பொட்டாசியம் (இதயத் துடிப்பை நடத்தும் உப்பு; மிஞ்சினால் இதயத்தை நிறுத்தவும் கூடும்). வடிகட்டி வேலை செய்யாதபோது அது உள்ளேயே தங்கும். இளநீரில் அது நிறைய.

சிவராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுன்னுதானே சார் குடுத்தன்" என்றார். பிறகு அதையே மறுபடி சொன்னார். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. நான் நிறத்தைச் சொல்லியிருந்தால் அவர் கையால் அந்த இளநீர் வந்திருக்காது.

மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். பன்னிரண்டு வருடம் ஒயர் கோத்தவள் நான், என் மேல் ஒயர் பூட்டியது அன்றுதான். திரையில் கோடு ஓடியது. ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார்கள். செவிலியர் என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோடு சரியான வடிவத்துக்கு வரவில்லை. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்தம் செய்வது) தொடங்கினார்கள்.

"சிறுநீரகம் திரும்ப வேலை செய்யுங்களா?" என்று மறுநாள் கேட்டேன்.

"பெரும்பாலும் செய்யும். எப்பன்னு சொல்ல முடியாது. சிலருக்குச் செய்யாமலும் போகும். காத்திருந்துதான் பாக்கணும்."

செய்யாவிட்டால் வாழ்நாள் முழுக்க வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு படுக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் வளரும் வயது. என் கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையில்தான் இதற்கெல்லாம் பதில் இருந்தது. அது காலியாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே போக வழியில்லாததால் ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தாகம் எடுத்தது. அப்படியொரு தாகத்தை அதற்கு முன் அறிந்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் யாராவது பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டால் அழுகை வரும். ரோஜாச் செடிக்கு ஊற்றிய பாட்டில்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. கீர்த்தனா மாலையில் வந்து துணியை நனைத்து என் உதட்டில் வைப்பாள். பேச மாட்டாள். நான் ஓடிய ஞாயிறுகளில் தம்பிக்குத் தோசை சுட்டுப் போட்டது அவள்தான். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது.

சொந்தக்காரர்களுக்கு எந்த உரிமையும் இல்லை, ஆனாலும் பேசினார்கள். "இந்த வயசுல இவளுக்கு ஓட்டம் ஒரு கேடா" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். ஓட்டம் என்னைப் படுக்க வைக்கவில்லை, என் வாயை மூடி வைத்திருந்ததுதான் படுக்க வைத்தது என்று சொல்ல நினைத்தேன். தெம்பு இல்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

மாநிலப் போட்டி நடந்த அன்றும் கழுத்தில் குழாயோடு படுத்திருந்தேன். அதை நினைக்கவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்யாகும். அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலையில், பையின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு ஏதோ தெரிந்தது. சிவராஜ்தான் முதலில் பார்த்தார். குனிந்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "சிஸ்டர், வந்து பாருங்க" என்று கூப்பிட்டவர், பதில் வருவதற்குள் அழுதுவிட்டார். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த வாரம் குடம் குடமாக வந்தது. கழுத்துக் குழாயை எடுத்தார்கள். கிரியாட்டினின் இறங்கி முடிய இரண்டரை மாதம் ஆனது.

உங்களில் யாராவது அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டு, இதைப் படித்துக்கொண்டிருந்தால், படிப்பதை நிறுத்துங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வேலைக்குத் திரும்பியபோது மருத்துவரின் உத்தரவு கையில் இருந்தது: மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். முதல் நாளே பத்தரை மணிக்குச் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. இருபத்தொரு பேரும் திரும்பினார்கள். அத்திப்பள்ளியிலிருந்து தினமும் கர்நாடக எல்லை தாண்டி வரும் ரத்னம்மா ஓடி வந்தாள். "ஏனாயித்து அக்கா? சுவிட்ச் கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் என் விளக்கு எரிந்து அவள் பார்த்ததில்லை. "கெடல. உக்காரு, நான் போய்ட்டு வர்றன்" என்றேன். நடந்து போகும்போது முதுகெல்லாம் கூசியது. இப்போதும் கொஞ்சம் கூசுகிறது. போகிறேன்.

நடக்க அனுமதித்தார்கள், பிறகு மெதுவாக ஓட. பத்து மாதம் கழித்துத் தொரப்பள்ளிச் சாலையில் பத்து கிலோமீட்டர் போட்டி. மருத்துவர் சரி என்றார், சிவராஜும் தடுக்கவில்லை. கீர்த்தனா என்னிடம் சொல்லாமல் ஏழாவது கிலோமீட்டர் தண்ணீர் மேசைக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள்.

அந்த மேசைக்கு வரும்போது என் வயதுப் பெண்களில் நான் மூன்றாவது. பின்னால் ஒருத்தியின் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய கால்கள் நிற்காதே என்றன. மேசைக்குப் பின்னால் என் மகள் டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள், சிரிப்பே இல்லாமல். நான் நின்றேன். குடித்தேன். அந்தப் பெண் என்னைத் தாண்டிப் போனாள். கீர்த்தனா இன்னொரு டம்ளரை நீட்டினாள். அதையும் குடித்து முடிக்கும்வரை அவள் கண் என் தொண்டையிலேயே இருந்தது. நான்காவதாக முடித்தேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனேன். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்து நின்றது.

"அம்மா. என்ன கலரு?"

"மஞ்சள்."

"எந்த மஞ்சள்?"

குனிந்து நன்றாகப் பார்த்தேன். "லேசா. எலுமிச்சம்பழத் தண்ணி மாதிரி."

தண்ணீர் ஊற்றாமல் தாழ்ப்பாளைத் திறந்தேன். "வேணும்னா நீயே வந்து பாரு" என்றேன்.

அவள் உள்ளே வரவில்லை. "நம்பறேன், ஊத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.