மீன் செக்ஷன்

பத்தொன்பது வருடம் எக்ஸ்ரே எடுத்த வேலையை நாற்பத்திரண்டாவது வயதில் அவள் உதறினாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கணவன்தான், "என் வீட்டுக்காரி செஃப் ஆகப்போறா" என்று ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்தான்.

சமையல் படிப்பு இல்லாதவளைப் பெரிய ஓட்டலில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், ஆறு மாதத்துக்குச் சம்பளமே வேண்டாம் என்று அவள் எழுதிக்கொடுத்ததுதான். செஃப் அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். முதல் நாளே "நீ" என்றான். மூன்றாம் நாள் பெயரும் போய் "எக்ஸ்ரே" ஆனாள்.

கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிப்பதுதான் வேலை. விரல் நுனிகள் ஊறி வெளுத்தன. ஒருமுறை மீன் நறுக்கக் கொடுத்தார்கள். துண்டில் ஒரு முள் தங்கிவிட்டது. செஃப் அதை விளக்கொளியில் தூக்கிக் காட்டினான்.

"பத்தொன்பது வருஷம் எலும்பைப் பாத்துப் பொழச்சவ. இது மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

வீட்டில் கணவன் தினமும் கேட்பான், இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று. ஒருநாள் வாய் தவறி, "மீன் செக்ஷனுக்கு மாத்திட்டாங்க" என்றுவிட்டாள். பொய்க்குத் தீனி போடவேண்டுமே. மீன் சமைப்பவரின் கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். தோலின் ஈரத்தை எப்படி ஒற்றி எடுக்கிறார், எப்போது திருப்புகிறார், வெண்ணெயை எப்போது விடுகிறார், எல்லாவற்றையும் வீட்டில் வந்து ஒப்பித்தாள்.

ஐந்தாம் மாதம், அவளிடம் சொல்லாமலே கணவன் தன் மேனேஜர் குடும்பத்தை மதியச் சாப்பாட்டுக்கு அந்த ஓட்டலுக்கே அழைத்துவந்தான். சர்வர் உள்ளே வந்து, "எக்ஸ்ரேவோட வீட்டுக்காரர் வந்திருக்கார். மீன் பிரமாதமாம், சமைச்ச மிஸஸைக் கூப்பிடறார்" என்றார். செஃப் நிதானமாகக் கை துடைத்து, ஈர ஏப்ரனோடு நின்ற அவளை மேசைக்கு அழைத்துப்போனான்.

"நீ இங்க என்ன செய்யறேன்னு நீயே சொல்லு."

"உருளைக்கிழங்கு உரிக்கிறேன்."

"தட்டுல முள்ளு வந்திருந்தா, இவ சமைச்சதுன்னு நம்பலாம் சார்" என்றான் செஃப்.

முதலில் சிரித்தவன் கணவன்தான். மேனேஜரும் சேர்ந்து சிரிக்கும்வரை அவன் நிறுத்தவில்லை. அவள் உள்ளே போய் மிச்சமிருந்த அரை மூட்டையை உரித்தாள். வீட்டில் அவன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேறு பேச்சும் குறைந்துபோயிற்று.

ஆறாம் மாதக் கடைசியில் மீன் சமைப்பவர் வேலையை விட்டுப் போனார். அவள் செஃப் முன்னால் போய் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டறேன் செஃப்."

செய்தாள். தோல் மொறுமொறுவென்று, ஒரு முள் இல்லாமல். செஃப் நின்றபடியே முழுத்துண்டையும் தின்று, தட்டில் ஒட்டியிருந்த வெண்ணெயை விரலால் வழித்தான்.

"நல்லாவே இருக்கு. ஆனா சும்மா கெடைக்கிறவளுக்கு யாராவது சம்பளம் குடுப்பாங்களா? இன்னும் ஆறு மாசம் எழுதிக்குடு. செக்ஷன் உன்னோடது."

அவள் கையெழுத்துப் போட்டாள். முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை. செஃப் அதையும் பார்த்துக்கொண்டான்.