படையலில் ஏறிய பூண்டு

பத்திரிகையில் எழுதுவதென்பது, நாம் சமைத்ததை ஒதுக்கிவிட்டு ஊறுகாயைப் பாராட்டும் விருந்தாளிகளுக்கு மாதாமாதம் பரிமாறுவது. எழுதிப் பட்டவர்களுக்கு இது புரியும். கலிஃபோர்னியாவில் சன்னிவேல் பக்கத்துத் தமிழர்களுக்காக வரும் ஓர் இலவச இதழில் நான்கு வருடமாகக் கொரியாவைப் பற்றி எழுதுகிறேன்.

வாசகர் சந்தேகம்

தென்கொரிய அதிபர் திடீரென்று ராணுவச் சட்டம் போட்டபோது, ஆபீசுக்கு இரண்டு நாள் லீவு போட்டு எழுதினேன். மக்கள் ஏன் உடனே நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள், ராணுவ ஆட்சி பற்றிய அந்தப் பழைய பயம் எது என்றெல்லாம். இதழ் வந்த வாரம் லிவர்மோர் கோயில் பிரசாத வரிசையில் ஓர் ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். படித்துவிட்டார் என்று எனக்கு வாயெல்லாம் பல்.

"கொரியா பத்தி எழுதற பொண்ணு நீதானே? அவங்க மூஞ்சி எப்பிடிப் பளபளன்னு இருக்கு! என்ன க்ரீம் யூஸ் பண்றாங்கன்னு ஒரு தடவை எழுதேம்மா."

பூண்டு கூடாது

அந்தப் பயத்தை நேரில் பார்த்தவர் எங்கள் அப்பார்ட்மென்டிலேயே இருந்தார். கீழ்வீட்டு பார்க் அம்மா, எல் கமினோ ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவர். எண்பதாம் வருடம் கொரியாவின் குவாங்ஜூ நகரில் ராணுவம் சுட்டதில் அவருடைய அண்ணன் செத்துப்போனார். கல்லூரி மாணவர். கலகக்காரன் வீடு என்று ஊர் சொல்லுமே என்று பயந்து, வீட்டில் யாரும் அவர் பெயரையே எடுப்பதில்லை. வருடத்துக்கு ஒரு முறை கதவைச் சாத்திக்கொண்டு படையல் மட்டும் போடுவார்களாம்.

படையலில் பூண்டும் மிளகாயும் கூடாது, சேர்த்தால் இறந்தவர் வரமாட்டார் என்றார். எங்கள் வீட்டுத் திவசத்திலும் பூண்டு கிடையாது என்றேன். அதற்குப் பிறகுதான் அண்ணன் பெயரைச் சொன்னார். சொன்னவுடன் அழுதார், நானும்தான். கிளம்பும்போது ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவன் பேரை இதுவரைக்கும் யாரும் அச்சுல போட்டதில்லை. நீ போடுவியா?"

மங்களகரம்

எங்கள் ஆசிரியர் நல்ல மனிதர், அதுதான் கஷ்டம். ஏப்ரல் இதழைப் பிரித்தால், நான் அனுப்பிய அண்ணன் கட்டுரைக்குப் பதிலாக, என் பக்கத்தில் என் போட்டோவுக்குக் கீழே கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாயின் செய்முறை. எப்போதோ நான் அனுப்பிவைத்தது. வேறு எதுவும் தேட நேரமில்லையாம். போனில் கத்தினேன்.

"கட்டுரை சூப்பர்மா, நானே அழுதுட்டேன். ஆனா வருஷப்பொறப்பு இஷ்யூல சாவு எதுக்கு?"

விரல்

நான் சொல்வதற்குள் பார்க் அம்மா இந்தியக் கடையிலிருந்து இதழை எடுத்து வந்துவிட்டார். என் போட்டோவை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடித்து, வெட்டி, கண்ணாடிச் சட்டமும் போட்டாயிற்று. மே மாதம் அண்ணன் படையலில் வைப்பாராம். உண்மையைச் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துக் கண்ணாடிமேல் வைத்தார்.

"எனக்கு உங்க எழுத்து தெரியாது. அண்ணன் பேர் எங்கே இருக்கு, விரலை வெச்சுக் காட்டு."

நான்கு வருடம் கொரியாவைத் தமிழர்களுக்குப் புரியவைத்த இந்த விரல், 'பூண்டு, பத்துப் பல்' என்ற வரியைக் காட்டிவிட்டு வந்தது.