கார் இல்லாத மாப்பிள்ளை

என் அப்பாவுக்கு வரப்போகிற மாப்பிள்ளை குடிப்பவனா, கை நீட்டுபவனா என்ற கவலையெல்லாம் கிடையாது. "கார் இருக்கா?" என்பார், அவ்வளவுதான். அவருடைய காரோ எங்கள் தெருவில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்குப் பொட்டு வைப்பார். அம்மாவுக்குக்கூட அவர் அவ்வளவு மரியாதை செய்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சென்னையில் வேலை. அங்கே என் வயதுக்காரர்கள் பலர் கார் வாங்குவதில்லை. பூமியைக் காப்பாற்றும் ஞானமெல்லாம் வந்துவிடவில்லை. நிறுத்த இடம் கிடையாது. தவணை கட்டிவிட்டுச் சிக்னலில் அவிவதைவிட மெட்ரோவில் நின்றுகொண்டு போகலாம். அப்பாவைக் கேட்டால், "வக்கில்லாதவன் பேசற பேச்சு" என்பார்.

சென்னையிலிருந்து ஒரு வரன் வந்தது. கார் உண்டு என்று தரகர் அளந்துவிட்டார். போனில் அந்தப் பையன் என்னிடம் உண்மையைச் சொன்னார்: கார் கிடையாது, வாங்கவும் மாட்டேன். அன்றே முடிவு செய்தேன், கட்டினால் இவரைத்தான். அப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

பெண் பார்க்க அவர்கள் வீட்டில் குறித்த நாள் பௌர்ணமி. ஒரே பெட்ரோலில் பெண்ணையும் பார்த்து, எங்கள் ஊர் மலையைச் சுற்றிக் கிரிவலத்தையும் முடித்துவிடலாமாம்! வாடகைக் காரில் கிளம்பினார்கள். அதைச் சொந்தக் கார் என்று காட்டுவது பையனுடைய அப்பாவின் திட்டம். பௌர்ணமிக் கூட்டத்துக்காக, ஊருக்கு வெளியே வேங்கிக்காலிலேயே போலீஸ் வண்டிகளை மறித்துவிட்டது. பையன் மட்டும் இறங்கி நடந்தே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கார் எங்க மாப்ள?" என்றார் அப்பா.

"வேங்கிக்கால்ல நிக்குதுங்க. ஆனா அது வாடகை வண்டி. எனக்கு கார் கிடையாது."

அப்பாவின் முகம் கறுத்தது. "அப்ப எம்பொண்ண எதுல கூட்டினு போவ?"

"பஸ்லதாங்க. உங்க பொண்ணு ஊருக்கு வரதே அதுலதான?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் பையனுக்குப் போன் வந்தது. அவருடைய அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லையாம்.

"உங்க கார்ல போய் கூட்டினு வந்துடலாங்களா?" என்று கேட்டார்.

அப்பா வாசலுக்குப் போனார். தெருவில் கால் வைக்க இடமில்லை. எங்கள் காரின் மேல் யாரோ ஈர வேட்டியைக் காயப்போட்டிருந்தார்கள். பம்பரில் சாய்ந்து ஒரு குடும்பமே புளிசாதம் தின்றுகொண்டிருந்தது.

"யோவ், எழுந்திருங்கயா! வண்டிய எடுக்கணும்!"

"எடுத்து எங்க சார் போவப் போற? வானத்துலயா?" என்றது புளிசாதம்.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். "சரி, கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கறேன்னு ஒரு வார்த்த சொல்லு. பேசி முடிச்சுடலாம்."

"பொய் சொல்ல மாட்டேங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நானும் வாங்க விடமாட்டேன். இவரைத்தான் கட்டிக்குவேன். இப்ப காபி எடுத்துனு வரவா, வேணாவா?"

அப்பா வாசலைப் பார்த்தார். பையனின் சட்டையைப் பார்த்தார்.

"எடுத்துனு வா," என்றார். "சக்கர ஜாஸ்தியா போடு. அவங்கம்மாவ கைத்தாங்கலா கூட்டினு வர நாங்க ரெண்டு பேரும் நடக்கணும்."