சணல் சுற்றிய பிளக்

பெட்ரோல் வாடையும் சூடான இரும்பின் வாடையும் கலந்து மூக்கில் ஏறினால், இந்த வயதிலும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் குழாய் மாட்டும் வேலை பார்த்துவந்த என் தகப்பனார், எங்களுக்கு அத்தா, சாணார்பட்டிப் பக்கம் வெங்காயக் காடு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அதன் கிணற்றில் ஒரு பழைய பெட்ரோல் இஞ்சினை வைத்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டவன் பதினாறு வயது அண்ணன்.

இஞ்சின் ஆறிய பிறகே, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவான். துடைத்து, விரலாலேயே கடைசிவரை திருகி, அப்புறம்தான் "பானா" என்கிற ஸ்பேனரைப் போட்டு ஒரு சின்ன இறுக்கு. "மரை போச்சுன்னா இஞ்சினே போச்சு" என்பான். அந்தப் பெருமை பதினோரு வயதில் எனக்கும் வேண்டியிருந்தது. அவன் டீ குடிக்கப் போன நேரத்தில், இஞ்சின் கொதிக்கக் கொதிக்கப் பிளக்கைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது அது கோணலாக ஏறுவது தெரிந்தும், பானாவில் தொங்கி முழு பலத்தோடு இறுக்கினேன். உள்ளே துளையின் மரை, அந்தத் திருகுப்புரி, நறநறவென்று அரைபட்டது.

மறுநாள் பிளக் துளையில் நிற்கவில்லை. வெங்காயம் தண்ணீரில்லாமல் வாடிக்கொண்டிருந்தது. அத்தா இஞ்சின் பெல்ட்டை எடுத்து அண்ணனை விளாசினார். "நான் இல்லத்தா, நான் இல்லத்தா" என்று கத்தினான். சட்டை கிழிந்து முதுகில் ரத்தம் வந்தது. கோழை நான், கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகு அத்தா, குழாய்க்குச் சுற்றுவது போலவே பிளக்கில் சணலைச் சுற்றி, வெள்ளைப் பெயிண்டு தடவித் திருகினார்.

"அது தண்ணிக்குத்தான் அத்தா. இந்தச் சூட்டுக்குத் தாங்காது. பட்டறைக்குக் கொண்டுபோயிப் புது மரை போட்டுருவோம்" என்றான் அண்ணன்.

"எனக்கே சொல்லித் தாரியாலே?" என்று கன்னத்தில் ஓர் அறை விட்டார் அத்தா.

இஞ்சின் நாலு முறை வெடித்து ஓடத் தொடங்கியது. அடுத்த வெடிப்பில் பிளக் பிய்த்துக்கொண்டு பறந்து, குனிந்திருந்த அத்தாவின் தாடையை உடைத்தது. பல்லும் ரத்தமுமாக விழுந்தவரை, அந்தக் கிழிந்த முதுகிலேயே சுமந்துகொண்டு தார்ரோடு வரை ஓடினான் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் பேச முடியாத அத்தா அவனை நோக்கிக் கையை நீட்டினார். அடிக்கத்தான் என்று நினைத்து அண்ணன் முகத்தை மூடிக்கொண்டான். அத்தாவின் கண்ணில் நீர் வழிந்தது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம், பயத்தில் சொல்லவில்லை.

இன்று பெட்ரோல் இஞ்சினும் இல்லை, கிணறும் இல்லை. காடு முழுவதும் வீட்டுமனை. போன பெருநாளன்று, எண்பதை எட்டப்போகும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்து விட்டுவிடுவான் என்றுதான் நம்பினேன். அவன் எழுந்து வந்து என்னைப் பளாரென்று அறைந்தான்.

"அத்தா மவுத்தாகிக் கண்ண மூடுறப்பக்கூட என்னையப் பொய்க்காரன்னுதான் நெனச்சுட்டுப் போனாரு, தெரியுமா?"