பச்சை மை

செய்தித்தாளின் ஓரத்தில் பச்சை மையால் ஒரு கோடு. காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்காவுக்கு அதுதான் முதல் வேலை. மை காய்ந்துவிடக் கூடாதே! கோடு திக்காமல் வந்தால் மூடியைத் திருகிப் பேனாவைக் கைப்பைக்குள் வைப்பார். பிறகு நீலப் பேனாவும் கையுமாகக் கோப்புகளில் தலையைக் கவிழ்த்தால் மத்தியானம்தான் நிமிர்வார். மூத்த எழுத்தர். அலுவலகத்துக்கே பச்சையக்கா.

பச்சை மையில் கையெழுத்துப் போடுவது இங்கே அதிகாரிகள் மட்டும்தான். சாதிவாரி இட ஒதுக்கீட்டில், பதவி உயர்வுப் பட்டியலில் அக்காவின் பெயர் வந்த அன்று, பேருந்துப் பணிமனை மெக்கானிக்கான அவர் கணவர் கிரீஸ் கறை போகாத கையோடு ஓடிப்போய் வாங்கி வந்த பேனா அது. பதவி ஏற்குமுன் சிலர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தடை விதித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. "நீ ஊத்தின மைக்கு ஒரு தோட்டமே பச்சையாயிருக்கும்" என்று கிண்டல் செய்கிறவரும் அந்த மனுஷர்தான். மைப்புட்டி தீர்ந்தால் சொல்லாமலே வாங்கி வருகிறவரும் அவர்தான்.

அக்காவின் வாய் லேசுப்பட்டதல்ல. "கோட்டாவுல மேல போறவங்க..." என்று பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் இழுத்தார்.

"உங்க ஃபைலையும் சேர்த்து நான் பாக்கறப்ப மட்டும் கோட்டா ஞாபகம் வராதாண்ணே?"

மனிதர் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

மேல் பதவிகளில் அக்காவின் சமூகத்தார் போதுமான அளவு இல்லை என்பதற்குப் புள்ளிவிவரம் காட்டச் சொன்னது நீதிமன்றம். அக்கா சிரித்தார். "அதுக்கு எதுக்குக் கணக்கு? மாடி ஏறிப் பாத்தா தெரியாதா? அங்க எங்காளுங்க துடைப்பமும் கையுமாத்தானே நிக்கறாங்க." சிரித்தாரே தவிர, ஆசை விட்டபாடில்லை. ஒருநாள், ஒரே ஒருநாள், தன் பெயருக்கு மேலே பச்சையில் ஒரு கையெழுத்து. அதற்குத்தான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஓய்வு பெறும் வாரத்திலும் வழக்கு தள்ளிப்போயிற்று.

கடைசி நாள் மாலை, அக்காவைப் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்திட அதிகாரி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. உதறிப் பார்த்தார். "யார்கிட்டயாவது பச்சைப் பேனா இருக்கா?"

அத்தனை கண்களும் அக்காவின் கைப்பைக்குப் போயின.

"இருக்குங்க சார்" என்றார் அக்கா. "ஆனா அதுல முதல் கையெழுத்து என்னோடதா இருக்கணும்னு வெச்சிருக்கேன். கடையிலேர்ந்து ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நான் இருக்கேன். காத்திருந்து பழக்கம்தான்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார்.